ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் என்றால், எந்தக் காளான், எந்த வைரஸ்?

காளான் சாறு வைரஸைக் கட்டுப்படுத்தியது என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. இன்ஃப்ளூயன்சா, ஹெர்பிஸ், எச்ஐவி, டெங்கு, கோவிட், அம்மை வகை வைரஸ்கள் என்று எதை எடுத்தாலும் அதற்கு எதிராக ஏதாவது ஒரு காளான் ஆய்வகத்தில் வேலை செய்திருக்கிறது. அதே காளானை நோயாளிகளுக்குக் கொடுத்து, மருந்துப்போலி (மருந்தே இல்லாத போலி மாத்திரை) வாங்கியவர்களோடு ஒப்பிட்டு, முடிவை வெளியிட்ட ஆய்வுகளைத் தேடினால் மிகச் சிலதான் தேறும். காரணம் பெரும்பாலும் பணம்தான். காட்டில் விளையும் ஒரு காளானுக்குக் கெட்டியான காப்புரிமை வாங்குவது கடினம் என்பதால் பெரிய மருந்துக் கம்பெனிகள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. பல்கலைக்கழகங்களும் அறக்கட்டளைகளும் தரும் சிறிய தொகைகளிலும், காளான் மாத்திரை விற்பவர்களின் ஆதரவிலும்தான் இந்தத் துறை நடக்கிறது.

அப்படி ஒரு தொகை நம் கையில் இருக்கிறது, ஒரே ஒரு மனிதச் சோதனைக்குத்தான் அது போதும் என்று வைத்துக்கொள்வோம். யாருக்குக் கொடுப்பது? என் கணக்கில் நான்கு பேர் போட்டியில் இருக்கிறார்கள். அகாரிகான், டர்க்கி டெயில் காளான்களின் கேப்ஸ்யூலைக் கோவிட் போன்ற திடீர்க் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்ப்பது முதல் வழி. கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சையில் இருக்கும் கார்டிசெபின் என்ற ஒற்றை மூலக்கூறை மருந்தாக வளர்ப்பது இரண்டாவது. காளானின் பீட்டா குளுக்கான் என்ற மாவுப்பொருளைத் தடுப்பூசிக்குத் துணையாகச் சேர்ப்பது மூன்றாவது. ஷிட்டாகே காளானிலிருந்து ஜப்பானில் தயாராகும் ஏஎச்சிசி என்ற பொருளை, உடலில் நீண்டகாலம் தங்கிவிட்ட எச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) தொற்றுக்குச் சோதிப்பது நான்காவது.

என் தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்காவது வழிக்குத்தான் நான் பணம் கொடுப்பேன். ஷிட்டாகே மற்ற காளான்களைவிட உயர்ந்தது என்பதால் அல்ல. எந்தக் காளான் என்று கேட்பதற்கு முன்னால் எந்த வைரஸ் என்று கேட்க வேண்டும், அந்தக் கேள்விக்கு எச்பிவிதான் நல்ல பதில் என்பதால்.

ஆய்வக முடிவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது

நான்கையும் ஒப்பிடுவதற்கு முன், இந்தத் துறையின் கட்டுரைகளை எப்படிப் படிப்பது என்று கொஞ்சம் பேச வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

ஒரு தட்டில் வளரும் செல்களில் வைரஸை விட்டு, காளான் சாற்றை ஊற்றுகிறோம். வைரஸ் குறைந்தால் சாறு வேலை செய்தது என்று தோன்றும். ஆனால் வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள செல் வேண்டும். சாறு செல்லையே நலிவடையச் செய்தாலும் வைரஸ் குறையத்தான் செய்யும். அதனால் எந்த அளவில் வைரஸ் பாதியாகக் குறைகிறது, எந்த அளவில் செல்கள் பாதி சாகின்றன என்ற இரண்டையும் அளந்து, இரண்டாவது அளவு முதல் அளவைப்போல் எத்தனை மடங்கு என்ற விகிதத்தைப் பார்க்கிறார்கள். அந்த விகிதம் 10-க்கு மேல் இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்பது பொதுவான நடைமுறை. விகிதமே கொடுக்காத கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

அடுத்த பொறி கலப்படம். காளான் சாற்றில் பாக்டீரியாவின் எண்டோடாக்சின் என்ற நச்சு மிகச் சிறிய அளவில் கலந்திருந்தாலும் நோயெதிர்ப்பு செல்கள் துள்ளி எழும். அதைப் பார்த்து ‘காளான் எதிர்ப்புசக்தியைத் தூண்டியது’ என்று எழுதிவிட முடியும். எண்டோடாக்சின் இருக்கிறதா என்று தனியாகச் சோதித்தோம் என்ற ஒரு வரி அந்தக் கட்டுரையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குவாம் தீவில் இருந்த ரிச்சர்ட் ஷோப் என்ற வைரஸ் ஆய்வாளர், தன் மனைவி ஹெலனின் புகைப்பட உறைமேல் படர்ந்திருந்த ஒரு பூஞ்சையை எடுத்து வளர்த்தார். அது ஒரு பெனிசிலியம் வகை. அதன் சாறு எலிகளை மூளைக்காய்ச்சல் வைரஸிலிருந்து காப்பாற்றியது. 1953-இல் அதைப் பற்றி எழுதியபோது மனைவியின் பெயரால் ஹெலனின் என்று பெயர் வைத்தார். அந்தச் சாற்றுக்குள் இருந்து வேலை செய்தது எது என்று தெரிய 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெர்க் மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் மாரிஸ் ஹில்லெமனின் குழு அதை இரட்டை இழை ஆர்என்ஏ என்று கண்டுபிடித்தது. பூஞ்சையையே தொற்றியிருந்த ஒரு வைரஸின் ஆர்என்ஏ அது! எலியின் உடல் அதைக் கண்டு வைரஸை எதிர்க்கும் இண்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்தது, அந்த இண்டர்ஃபெரான் எலியைக் காப்பாற்றியது. பூஞ்சையின் சொந்தச் சரக்கு எதுவும் அதில் இல்லை. பின்னாளில் ஷிட்டாகே வித்துகளிலும் இப்படி இண்டர்ஃபெரானைத் தூண்டும் வைரஸ் ஆர்என்ஏ இருப்பதை ஜப்பானியர்கள் கண்டார்கள். சாற்றில் வேலை செய்வது எது என்று தெரியாமல் அதை மருந்தாக்கப் புறப்பட்டால் ஒவ்வொரு தயாரிப்பும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பேரையும் பார்க்கலாம்.

அகாரிகானும் டர்க்கி டெயிலும்

நான்கில் அதிகம் பேசப்பட்டது இதுதான். அகாரிகான் பழைய ஊசியிலைக் காடுகளில் வளரும் மரக்காளான். கிபி முதல் நூற்றாண்டில் டியாஸ்கரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கடிதங்கள் அனுப்பப்பட்ட பிறகு, உயிரியல் ஆயுதங்களுக்கு எதிரான மருந்துகளைத் தேடும் பெரிய முயற்சி ஒன்று அங்கே தொடங்கியது. 2004-இல் பயோஷீல்ட் சட்டமும் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த காளான் வல்லுநர் பால் ஸ்டாமெட்ஸ் அந்தத் திட்டத்துக்கு நூற்றுக்கணக்கான சாறுகளை அனுப்பிவைத்தார். அவற்றில் அகாரிகானின் சில சாறுகள் அம்மை வகை வைரஸ்களுக்கும் இன்ஃப்ளூயன்சாவுக்கும் எதிராக ஆய்வகத்தில் நல்ல விகிதங்களைக் காட்டின. ரஷ்யாவில் நோவசிபிர்ஸ்க் அருகே உள்ள வெக்டர் நிறுவனத்திலும் மரக்காளான்களை இதே மாதிரி வைரஸ்களுக்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள்.

இதில் ஒன்றைத் திறந்து சொல்ல வேண்டும். ஸ்டாமெட்ஸ் காளான் மாத்திரை விற்கும் கம்பெனியின் உரிமையாளர், காளான்களின் வைரஸ் எதிர்ப்புக் குணம் பற்றிய காப்புரிமைகளும் வைத்திருப்பவர். அதனால் அவர் வேலை பொய்யாகிவிடாது. வேறு கைகளால் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

அவரும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தேனீ ஆய்வு எனக்கு இன்னமும் வியப்பைத் தருகிறது. சர்க்கரைப் பாகில் ரெயிஷி வகைக் காளானின் சாற்றைக் கலந்து தேனீக்கூட்டங்களுக்குக் கொடுத்தார்கள். சிறகைச் சிதைக்கும் வைரஸ் 79 மடங்கும், லேக் சினாய் என்ற வைரஸ் 45,000 மடங்கும் குறைந்தன. தேனீக்கு ‘நல்ல மருந்து சாப்பிடுகிறோம்’ என்ற நம்பிக்கை கிடையாது. ஆகவே இந்த முடிவை எளிதில் தள்ளிவிட முடியாது. அதே சமயம் தேனீயின் நோயெதிர்ப்பு நம்முடையதல்ல. அதற்கு எதிர்ப்பொருளும் இல்லை, இண்டர்ஃபெரானும் இல்லை.

மனிதர்களிடம் வந்தால், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகங்களில் கார்டன் சாக்ஸ் தலைமையில் மாக்-19 என்ற சோதனைத் தொடர் நடந்தது. அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியோடு, வீட்டிலேயே இருந்து குணமாகக்கூடிய கோவிட் நோயாளிகளுக்கு அகாரிகான், டர்க்கி டெயில் மைசீலியக் (காளானின் வேர்போன்ற இழைகள்) கேப்ஸ்யூலைக் கொடுத்து மருந்துப்போலியோடு ஒப்பிட்டார்கள். தொடரின் இன்னொரு பகுதியில் ஒரு சீன மூலிகைக் கலவை. பிறகு தடுப்பூசியோடு காளானைச் சேர்த்துப் பார்க்கும் பகுதியும் வந்தது. அரசு அமைப்பின் மேற்பார்வையில், மருந்துக்குரிய ஒழுங்கோடு காளானைச் சோதிக்க முடியும் என்று காட்டியதே இந்தக் குழு செய்த பெரிய காரியம்.

சரி, அப்படியானால் இதற்கே அடுத்த பணத்தையும் கொடுக்கலாமே? கொடுக்கக் கூடாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் காளான் இல்லை, கோவிட்தான். வீட்டில் இருக்கும் பெரும்பாலான நோயாளிகள் எந்த மருந்தும் இல்லாமலே ஒரு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு கேப்ஸ்யூல் ஏற்படுத்தும் வித்தியாசத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும். அதற்குள் வைரஸ் உருமாறும், தடுப்பூசி போட்டவர்கள் கூடுவார்கள், ஒப்பீட்டின் அடித்தளமே நகர்ந்துகொண்டிருக்கும்.

டெங்குவிலும் இதே கதைதான். டெங்கு நமக்கு நெருக்கமான நோய் என்பதால் அதற்குக் காளான் மருந்து தேடலாமே என்று தோன்றுவது இயல்பு. மலேசியாவில் ஐந்து காளான்களின் சாறுகளை டெங்கு வைரஸுக்கு எதிராக ஆய்வகத்தில் சோதித்தும் இருக்கிறார்கள். ஆனால் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாள் கழித்து நோயாளி மருத்துவமனைக்கு வரும்போது ரத்தத்தில் வைரஸ் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருக்கும். வைரஸை அடிக்கும் மருந்துக்கு வேலை செய்ய நேரமே இருக்காது. வியட்நாமில் குளோரோகுயினும் பாலபிராவிரும், சிங்கப்பூரில் செல்கோசிவிரும் ஆய்வகத்தில் நன்றாக இருந்துவிட்டு நோயாளிகளிடம் பயன் காட்டாமல் போயின. சுத்தமான மூலக்கூறுகளுக்கே இந்த நிலை என்றால், கலவையான ஒரு சாற்றை அங்கே அனுப்புவது அதற்கும் நியாயமில்லை, நோயாளிக்கும் நியாயமில்லை. நிலவேம்புக் குடிநீர் பற்றித் தமிழ்நாட்டில் ஒவ்வொரு டெங்குப் பருவத்திலும் வாதம் முடிவில்லாமல் நடப்பதற்கும் இது ஒரு காரணம்: தானாகவே ஆறும் காய்ச்சலில் குடித்தவரும் தேறுவார், குடிக்காதவரும் தேறுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அகாரிகான் அழியும் நிலையில் உள்ள இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. காட்டிலிருந்து பறித்து மருந்து செய்யவே முடியாது, செய்யவும் கூடாது. அரிசியில் வளர்க்கும் மைசீலியம்தான் வழி. அப்படி வளர்த்தால் கேப்ஸ்யூலில் காளான் எவ்வளவு, அரிசி மாவு எவ்வளவு என்ற கேள்வி வந்துவிடும்.

கார்டிசெபின்: என் மனம் சாயும் இடம், ஆனால் இப்போது வேண்டாம்

வேதியியல் பார்வையில் நான்கில் மிக அழகானது இதுதான். கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்ற பூஞ்சையிலிருந்து 1950-இல் பிரித்தெடுக்கப்பட்ட கார்டிசெபின், நம் உடலில் இருக்கும் அடினோசினைப் போலவே இருக்கும். ஒரே ஒரு ஆக்சிஜன் அணு மட்டும் குறைவு. ஆர்என்ஏ இழை பின்னப்படும்போது அடினோசின் என்று நினைத்து இதைச் சேர்த்துவிட்டால், அடுத்த கண்ணியைக் கோக்க அந்த ஆக்சிஜன் இல்லாததால் இழை அங்கேயே நின்றுபோகும். எது வேலை செய்கிறது, எப்படிச் செய்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. ஹெலனின் கதையில் வந்த குழப்பத்துக்கு இடமில்லை. தாய்லாந்தில் டெங்கு வைரஸுக்கு எதிராகவும் இது ஆய்வகத்தில் பலன் காட்டியிருக்கிறது.

இடையூறு நம் உடலிலேயே இருக்கிறது. அடினோசின் டிஅமினேஸ் என்ற என்சைம் கார்டிசெபினைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். கார்டிசெப்ஸ் பொடியைப் பாலில் கலந்து குடிப்பவர்களின் ரத்தத்தில் வைரஸைத் தடுக்கும் அளவுக்குக் கார்டிசெபின் தங்கும் என்று நம்ப எந்த அடிப்படையும் இல்லை. என்சைமைத் தடுக்கும் பென்டோஸ்டாட்டின் மருந்தோடு சேர்த்து ரத்தப் புற்றுநோயில் கொடுத்துப் பார்த்தார்கள். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் மெக்விகன் உருவாக்கிய புரோடைடு முறை இன்னும் நல்ல வழி. மூலக்கூறின்மேல் ஒரு மூடியைப் பொருத்தி, அதைச் செல்லுக்குள் போனபின் மட்டும் கழலும்படி செய்யும் முறை அது. ஹெபடைட்டிஸ் சி நோயைக் குணமாக்கும் சோஃபோஸ்புவிரும், கோவிடுக்குக் கொடுத்த ரெம்டெசிவிரும் இந்த முறையில் வந்தவைதான். கார்டிசெபினுக்கும் இப்படி மூடி போட்டு, ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நூகானா கம்பெனி ஒரு மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம்வரை கொண்டுவந்தது. ஆனால் அது புற்றுநோய்க்காக.

இதில் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. கார்டிசெபின் வைரஸின் ஆர்என்ஏவை மட்டும் அல்ல, நம் செல்லின் ஆர்என்ஏவுக்கு வால் சேரும் வேலையையும் தடுக்கிறது. புற்றுநோய் செல்லைக் கொல்ல அது உதவும். ஆரோக்கியமான ஒருவருக்குக் காய்ச்சல் மருந்தாகக் கொடுக்க அதுவே தடை. ஆகவே இந்த வழிக்குத் தேவை மனிதச் சோதனை அல்ல. வைரஸின் என்சைமை மட்டும் தேடிப் பிடிக்கும் மாதிரி மூலக்கூறை மாற்றும் ஆய்வக வேலை. அதற்குத் தனியாக, பொறுமையாகப் பணம் தர வேண்டும். நம் ஒற்றைச் சோதனைப் பணத்தை இங்கே போட்டால் வீண்.

தடுப்பூசிக்குத் துணை

காளான்களின் செல் சுவரில் உள்ள பீட்டா குளுக்கானை நம் வெள்ளணுக்கள் டெக்டின்-1 என்ற ஏற்பி வழியாக அடையாளம் காணும். பூஞ்சைத் தொற்று வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். இது உறுதியான அறிவியல். ஷிட்டாகேயிலிருந்து கோரோ சிஹாரா 1969-இல் பிரித்த லென்டினான் என்ற பீட்டா குளுக்கானை 1985-இல் ஜப்பான் இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணை மருந்தாக அனுமதித்ததும் இதை வைத்துத்தான். ஆனால் அது ஊசி. எச்ஐவி நோயாளிகளுக்கு லென்டினானை நரம்பு வழி ஏற்றி அமெரிக்காவில் நடந்த சோதனையில், வேகமாக ஏற்றியபோது குளிர்நடுக்கம், முதுகுவலி, ஒவ்வாமை போன்ற எதிர்வினைகள் வந்து சிலர் பாதியில் விலகினார்கள்.

வாய்வழிக் கேப்ஸ்யூல் என்றால் இன்னொரு சங்கடம். நெதர்லாந்தின் ராட்பவுட் மருத்துவ மையத்தில் ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வாரம் தினமும் 1000 மில்லிகிராம் ஈஸ்ட் பீட்டா குளுக்கான் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் அது தென்படவும் இல்லை, வெள்ளணுக்களின் நடத்தை மாறவும் இல்லை. சிறிய ஆய்வுதான், ஈஸ்ட்தான், காளான் அல்ல. இருந்தாலும் ‘எதிர்ப்புசக்தி கூடும்’ என்று அச்சிட்ட டப்பாவைக் கையில் எடுக்கும்போது இதை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஃப்ளூ தடுப்பூசியோடு ஏஎச்சிசி கொடுத்த ஓர் அமெரிக்க ஆய்வில் பி வகை இன்ஃப்ளூயன்சாவுக்கு மட்டும் எதிர்ப்பொருள் கூடியது. வயதானவர்களுக்குத் தடுப்பூசி சரியாக ஏறாத பிரச்சினை உண்மையானது என்பதால் இந்த வழியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பொருள் கூடுவது ஒன்று, நோய் குறைவது இன்னொன்று. இரண்டாவதைக் காட்டப் பெரிய கூட்டம் வேண்டும்.

மற்ற காளான்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ரெயிஷியில் உள்ள டிரைடர்பீன் என்ற சேர்மங்கள் எச்ஐவி பெருகத் தேவையான புரோட்டியேஸ் என்ற என்சைமைத் தடுப்பது 1990-களிலேயே தெரிந்தாலும், மனிதர்களிடம் அதைப் பின்தொடர்ந்த தரமான வேலை இல்லை. சாகா என்ற காளானில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஆக்சலேட் அதிகம். தினமும் பொடியாகச் சாப்பிட்டு ஜப்பானில் ஒரு மூதாட்டியின் சிறுநீரகம் செயலிழந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சாகாவைத் தொடவே வேண்டாம்.

ஏஎச்சிசியும் எச்பிவியும்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி. இந்தியாவில் 2020-இல் மட்டும் சுமார் 1,23,900 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது, 77,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தடுப்பூசி இருக்கிறது, அது அருமையான தடுப்பூசி. ஆனால் ஏற்கெனவே உடலில் குடியேறிவிட்ட வைரஸை அது வெளியேற்றாது. பரிசோதனையில் எச்பிவி இருக்கிறது என்று தெரியவந்த, ஆனால் இன்னும் செல் மாற்றம் எதுவும் இல்லாத பெண்ணுக்கு இன்று மருத்துவர் சொல்லக்கூடியது ‘ஒரு வருஷம் கழித்து வாருங்கள், பார்க்கலாம்’ என்பதுதான். வைரஸை நீக்க அனுமதி பெற்ற மருந்து எதுவும் இல்லை. அந்த ஒரு வருஷம் அந்தப் பெண் எத்தனை பயத்தோடு இருப்பாள் என்பதை அனுபவித்தவர்களிடம் கேட்டால் தெரியும். இங்கே ஒரு மாத்திரைக்கு உண்மையான இடம் காலியாக இருக்கிறது.

சோதனை செய்யவும் இது தோதான வைரஸ். அது அவசரப்படாது. மாதக்கணக்கில் மருந்து கொடுக்க நேரம் உண்டு. முடிவை அளப்பதும் தெளிவு: வைரஸ் இருக்கிறதா, போய்விட்டதா என்று ஆய்வகப் பரிசோதனை சொல்லிவிடும், நோயாளியின் மனநிலை அதில் கலக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை, பெரும்பாலான எச்பிவி தொற்றுகள் இரண்டு வருடத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். அதனால் புதிய தொற்றில் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் 90 சதவீதம் வெற்றி என்று விளம்பரம் செய்ய முடியும். நீண்டகாலம் தங்கிவிட்டவர்களை மட்டும் சேர்த்து, மருந்துப்போலியோடு ஒப்பிட்டால்தான் பேச்சு. இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் விற்கும், டர்க்கி டெயிலோடு வல்லாரை, வேம்பு, கற்றாழை கலந்த ஒரு ஜெல்லுக்கும் ஆய்வு நடந்தது. ஆனால் யாருக்கு ஜெல், யாருக்கு இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. அத்தோடு அத்தனை பொருள்களில் எது வேலை செய்தது என்பதும் புரியாது.

ஹூஸ்டனில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜூடித் ஸ்மித் இதைச் சரியாகச் செய்தார். இரண்டு வருடத்துக்கு மேல் அபாய வகை எச்பிவி நீங்காத 50 பெண்கள். ஒரு பாதிக்கு ஆறு மாதம் தினமும் வெறும் வயிற்றில் 3 கிராம் ஏஎச்சிசி, அதன்பின் ஆறு மாதம் மருந்துப்போலி. மறுபாதிக்குப் பன்னிரண்டு மாதமும் மருந்துப்போலி. யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 2022-இல் வெளியான முடிவில், ஏஎச்சிசி பிரிவில் 22 பேரில் 14 பேருக்கு, அதாவது 63.6 சதவீதம் பேருக்கு வைரஸ் நீங்கியிருந்தது. மருந்துப்போலிப் பிரிவில் 19 பேரில் 2 பேருக்கு.

கேட்க இனிமையான எண். ஆனாலும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 14 என்பது ஆறாவது மாத முடிவு, மருந்துப்போலியின் 2 என்பது பன்னிரண்டாவது மாத முடிவு. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்தும் வைரஸ் இல்லாமல் இருந்தவர்கள் அந்த 14-இல் 9 பேர். ஆக பன்னிரண்டாவது மாதத்தில் நேருக்கு நேர் வைத்தால் 22-க்கு 9, அதாவது 41 சதவீதம், எதிரே 10.5. இன்னும் நல்ல வித்தியாசம்தான், ஆனால் தலைப்புச் செய்தியைவிட அடக்கமானது. பாதியில் விலகியவர்களையும் தோல்வி என்று எடுத்துக்கொண்டால் 25-க்கு 9. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் 63.6 என்பதன் உண்மை மதிப்பு 43-லிருந்து 80 வரை எங்கும் இருக்கலாம். எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு எண்: ஆய்வு முடிந்தபின் மருந்துப்போலி வாங்கியவர்களில் 12 பேர் ஏஎச்சிசி எடுத்துக்கொண்டார்கள், அவர்களில் 6 பேருக்கு வைரஸ் நீங்கியது.

எதிர்வாதங்களையும் மறைக்கவில்லை. ஏஎச்சிசி சப்போரோவில் ஒரே கம்பெனி தயாரிக்கும் பொருள். ஆய்வும் அதன் ஆதரவோடு நடந்தது. அதில் எந்தக் கூறு வேலை செய்கிறது என்பது முழுதாகத் தீரவில்லை, அதில் பேசப்படுவது பீட்டா குளுக்கான் அல்ல, ஆல்ஃபா குளுக்கான். கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் என்சைம்களில் ஒன்றை இது தூண்டும் என்று ஆய்வகத்தில் கண்டிருப்பதால், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் போன்ற மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது.

இத்தனையும் தெரிந்தும் இதற்கே ஏன் பணம் என்றால், நான்கில் இது ஒன்றுதான் ஆம், இல்லை என்று நிச்சயமாகச் சொல்லிவிடக்கூடிய சோதனை. மற்ற மூன்றில் பணம் தீர்ந்தபின்னும் ‘இன்னும் ஆய்வு தேவை’ என்ற வரியோடுதான் நிற்போம்.

எப்படிச் செய்வது

கம்பெனியிடமிருந்து மாத்திரையை விலை கொடுத்து வாங்க வேண்டும், பணம் வாங்கக் கூடாது. மருந்துப்போலியில் 15 சதவீதம் பேருக்குத் தானாக நீங்கும், ஏஎச்சிசியில் அது 30 ஆகும் என்று அடக்கமாக எதிர்பார்த்தால், விலகுபவர்களையும் சேர்த்துச் சுமார் 400 பெண்கள் வேண்டும். 40 ஆகும் என்று துணிந்து எதிர்பார்த்தால் 160 பேர் போதும். நான் 400-ஐத்தான் எடுப்பேன். சிறிய எண்ணிக்கையில் இன்னொரு அழகான முடிவு வந்தால் பழைய இடத்திலேயே நிற்போம். தொற்று நீங்கியது என்று சொல்ல, முதலில் இருந்த அதே எச்பிவி வகை இல்லாமல் போயிருக்க வேண்டும். கணக்கெடுப்பது பன்னிரண்டாவது மாதத்தில், மருந்தை நிறுத்திய பிறகு. செல் மாற்றம் முற்றியவர்களைச் சேர்க்கவே கூடாது. அவர்களுக்கு உடனே சிகிச்சை. மற்றவர்களுக்கும் நடுவில் கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதனை) தவறக் கூடாது.

இப்படிப்பட்ட வேலையைச் செய்து காட்டிய ஊர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-இல் தொடங்கி, 30 முதல் 59 வயதுவரையான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையைச் செவிலியர்கள் செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவில் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. உலகமே எடுத்துப் பேசும் ஆய்வு அது. 31,000 பெண்களைக் கிராமம் கிராமமாகத் தேடிப் போய்ப் பரிசோதித்த மண்ணில் 400 பேரை ஒரு வருடம் தொடர்வது முடியாத காரியமில்லை.

முடிவு எதுவாக வந்தாலும் வெளியிடுவோம் என்று சோதனை தொடங்கும் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். பன்னிரண்டாவது மாதத்தில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏஎச்சிசியை எச்பிவிக்குக் கைவிடலாம், அடுத்த தொகை கார்டிசெபின் ஆய்வகத்துக்குப் போகலாம். 15-க்கு மேல் இருந்தால், அடுத்த வேலை அதில் எந்தக் கூறு அதைச் செய்தது என்று பிரித்துப் பார்ப்பது.